தையலைப் பார்க்கும் முன் புழுக்கையை எண்ணுங்கள்
அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் கினிப்பன்றியைப் பேணும் அறிவியல்

சனிக்கிழமை மாலை. விலங்கு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறீர்கள். மடியில் ஒரு பெட்டி. அதற்குள் துண்டின்மேல் சுருண்டு படுத்திருக்கிறது உங்கள் கினிப்பன்றி. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருப்பதால் அதற்குப் 'பொட்டு' என்று பெயர் வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலையில்தான் பொட்டுவின் சிறுநீர்ப்பையைத் திறந்து மருத்துவர் ஒரு கல்லை எடுத்திருக்கிறார். அடிவயிற்றில் ரோமம் மழிக்கப்பட்ட இடத்தில் தையல் தெரிகிறது.

வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று முதலில் பார்ப்பது அந்தத் தையலைத்தான். "பாவம், களைத்துப் போயிருக்கு. காலைவரைக்கும் தூங்கட்டும் விடு, தொந்தரவு பண்ணாதே" என்கிறார் அம்மா.

அன்பான அறிவுரை. மனிதருக்குப் பொருந்தும். பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும்கூடப் பொருந்தும். ஆனால், பொட்டு காலைவரை ஒன்றும் உண்ணாமல் தூங்கினால், தையல் அழகாக ஆறிக்கொண்டிருக்கும்போதே அதன் உயிர் போய்விடக்கூடும். அறுவைக்குப் பிந்திய முதல் சில நாட்களில் கினிப்பன்றிக்குள்ள பெரிய ஆபத்து காயத்தில் இல்லை. வெறும் வயிற்றில் இருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

பன்றியும் இல்லை, கினி நாட்டதும் இல்லை

பெயரில் பன்றி இருந்தாலும் இது கொறித்துண்ணி இனம். ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மலாய்மொழியில் 'திக்குஸ் பெலாண்டா', அதாவது டச்சு எலி, என்கிறோம். நெதர்லாந்தும் இதன் ஊர் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியே இதன் தாயகம். அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டு விலங்காகப் பழக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவுக்குப் போனது.

இந்தப் பூர்வீகத்தில் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். ஒன்று, இது புல்வெளி விலங்கு. நாள் முழுவதும் புல்லைக் கடித்துக்கொண்டே இருப்பதற்கு ஏற்ற உடல். இரண்டு, இது குளிர்ந்த மலைநாட்டு விலங்கு. நம் ஊர் வெயில் இதற்கு ஆகாது. இரண்டும் பொட்டுவின் சிகிச்சையில் திரும்ப வரும்.

நிற்கக் கூடாத குடல்

புல்லின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மனிதருக்கும் இல்லை, கினிப்பன்றிக்கும் இல்லை. அது சில நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. ஆகவே புல் தின்னும் விலங்குகள் தங்கள் உடலுக்குள்ளேயே நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுத்து வைத்திருக்கின்றன.

மாட்டுக்கு அந்த இடம் வயிற்றின் முன்பகுதி. கினிப்பன்றிக்கோ சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு பெரிய பை. ஒரு முனை மூடியிருப்பதால் அதைக் குருட்டுக்குடல் என்பார்கள். நம் உடலில் அது சிறியது. கினிப்பன்றியிலோ, உணவுப்பாதையில் இருக்கும் உணவில் பாதிக்கும் மேல் இந்தப் பைக்குள்தான் இருக்கும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து, கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. கினிப்பன்றி அவற்றை உறிஞ்சி ஆற்றலாகப் பயன்படுத்துகிறது.

நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சில வைட்டமின்களும் புரதமும் மென்மையான ஒருவகைப் புழுக்கையாக வெளிவரும். கினிப்பன்றி அதைக் குனிந்து வாயால் எடுத்து மறுபடியும் உண்ணும். பார்க்க அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு அது உணவின் ஒரு பகுதி.

இனிப் பற்கள். கினிப்பன்றிக்கு 20 பற்கள். முன்பற்கள் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளரும். நார் நிறைந்த புல்லை அரைக்கும்போதுதான் அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன.

ஆக, வாயில் அரைப்பு, குடலில் நகர்வு, குருட்டுக்குடலில் நொதித்தல் எல்லாம் ஓயாமல் நடக்கும்படி அமைந்தது இந்த உடல். இதைத் தொடர்ந்து ஓட்டும் விசை நார்தான்.

ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்

மயக்க மருந்து, வலி, பயம், பழக்கமில்லாத இடம். இந்த நான்கும் பொட்டுவின் பசியை அடக்கிவிடும். அது உண்ணாதபோது என்ன நடக்கிறது?

நார் வராததால் குடலின் அசைவு மெதுவாகிறது. உள்ளே இருக்கும் உணவு தேங்கி உலர்கிறது. நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வாயு சேருகிறது. வயிறு உப்பி வலிக்கிறது. வலியால் பொட்டு இன்னும் குறைவாக உண்கிறது. அதனால் குடல் இன்னும் மெதுவாகிறது.

உயிரியல் பாடத்தில் பின்னூட்டம் பற்றிப் படித்திருப்பீர்கள். உடல் சூடானால் வியர்த்துக் குளிர்வது எதிர்ப் பின்னூட்டம். மாற்றத்தைத் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். பொட்டுவின் குடலில் நடப்பது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை மோசமாக்குகிறது. இது நேர்ப் பின்னூட்டம். பெயரில் 'நேர்' இருப்பதால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். தானாக நிற்காத சுழல் என்பதே இதன் பொருள்.

இன்னொரு பக்கமும் ஆபத்து இருக்கிறது. உணவு வராதபோது உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஆற்றல் தேடும். அந்தக் கொழுப்பு கல்லீரலுக்குப் போய்ச் சேரும். பருமனான கினிப்பன்றியாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு குவிந்து அதன் வேலையே கெட்டுவிடும்.

வெளியிலிருந்து யாராவது கைகொடுத்தால்தான் இந்தச் சுழல் உடையும். வீட்டில் அந்தக் கை உங்களுடையது.

முதல் இரவு: குளிரும் வெப்பமும்

மயக்க மருந்தின் கீழ் உடல் தன் வெப்பநிலையைச் சீராக வைத்துக்கொள்ளத் தடுமாறும். சிறிய உடலுக்கு இது பெரிய சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கினிப்பன்றியை 10 செண்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரமாகக் கற்பனை செய்யுங்கள். கன அளவு 1,000 கன செண்டிமீட்டர், ஏறக்குறைய 1 கிலோ. பரப்பளவு 600 சதுர செண்டிமீட்டர். மனிதரை 40 செண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாகக் கொண்டால், கன அளவு 64,000, பரப்பளவு 9,600. இப்போது பரப்பளவைக் கன அளவால் வகுத்தால், கினிப்பன்றிக்கு 0.6, மனிதருக்கு 0.15. ஒவ்வொரு கிலோ உடலுக்கும் கினிப்பன்றியிடம் நான்கு மடங்கு தோல்பரப்பு இருக்கிறது. வெப்பம் தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே அது நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும்.

முதல் இரவில் குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்தில் கூண்டை வைக்காதீர்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துண்டில் சுற்றி, கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் போக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். நீர் ஆறியதும் போத்தலை எடுத்துவிடுங்கள்.

மறுநாள் மதியம் நிலைமை தலைகீழாகும். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே 32 பாகை செல்சியஸ் எளிதில் வந்துவிடும். கினிப்பன்றிக்கு ஏற்றது 18 முதல் 24 பாகை. 27 பாகையைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். நம்மைப்போல் வியர்த்துக் குளிர அதற்குத் தெரியாது. எனவே வெயில் படாத, காற்றோட்டமுள்ள, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையைத் தேர்ந்தெடுங்கள். விசிறிக் காற்று அறையில் சுழலட்டும். பொட்டுவின் மேல் நேராக வீச வேண்டாம்.

கூண்டில் மரத்தூள் வேண்டாம். அது தையலில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான வெளிர்நிறத் துண்டை விரியுங்கள். வெளிர்நிறம் ஏன்? இரத்தக் கசிவோ சிறுநீரின் நிற மாற்றமோ உடனே கண்ணுக்குத் தெரியும். மாடிக்கூண்டாக இருந்தால் ஏணிகளை எடுத்துவிடுங்கள். தையல் ஆறும்வரை குதித்தல் கூடாது.

ஊட்டும் முறை

முதலில் அதன் விருப்பத்துக்கு விடுங்கள். உலர்புல், தண்ணீர், வழக்கமாக விரும்பி உண்ணும் இலை ஆகியவற்றை மூக்குக்கு அருகிலேயே வையுங்கள். பொட்டு தானாக மெல்லத் தொடங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

உண்ணாவிட்டால், மருத்துவர் தந்த நார்ச்சத்து உணவுத்தூளை வெந்நீரில் குழைத்து, ஆறிய பின் ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்ட வேண்டும். எவ்வளவு, எத்தனை தடவை என்பதை மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாளுக்கு 50 மில்லிலிட்டர், 5 தடவை என்று அவர் சொன்னால், ஒரு தடவைக்கு 10 மில்லிலிட்டர். அதையும் ஒரே மூச்சில் செலுத்தக் கூடாது.

பொட்டுவைத் துண்டில் தளர்வாகச் சுற்றி மடியில் உட்கார வையுங்கள். குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும். கினிப்பன்றிக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. சிரிஞ்சின் முனையை வாயின் பக்கவாட்டில் அந்த இடைவெளி வழியாக நுழையுங்கள். அரை மில்லிலிட்டர் அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். தாடை அசைவதையும் விழுங்குவதையும் பார்த்த பிறகே அடுத்த அரை மில்லிலிட்டர். முடிந்ததும் வாயைத் துடைத்துவிடுங்கள்.

பொறுமை வேண்டிய வேலை இது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். பொட்டு தலையைத் திருப்பும், துப்பும், உங்கள் சட்டையெல்லாம் பச்சையாகும். இரவிலும் ஒரு தடவை எழ வேண்டியிருக்கும். திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்குப் போனால் பகலில் யார் ஊட்டுவது? அண்ணனா, பாட்டியா? அறுவைக்கு நாள் குறிக்கும்போதே குடும்பமாக உட்கார்ந்து அட்டவணை போட்டுவிடுங்கள். ஊட்டப்போகிறவர் மருத்துவமனையிலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

தராசும் புழுக்கையும்

பொட்டு போதுமான அளவு உண்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். அளவிட்டால்தான் தெரியும்.

சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு கிண்ணத்தை வைத்துச் சுழியமாக்கி, அதில் பொட்டுவை உட்கார வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், உணவு ஊட்டும் முன் நிறுத்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி ஒரு பதிவு:

சனி (அறுவை நாள்): 920 கிராம்
ஞாயிறு: 890 கிராம்
திங்கள்: 874 கிராம்
செவ்வாய்: 880 கிராம்
புதன்: 895 கிராம்

மிகக் குறைந்த நாளில் இழப்பு 46 கிராம். 920இல் இது 5 விழுக்காடு. செவ்வாய்க்கிழமை கோடு மேலே திரும்புகிறது, நல்ல அறிகுறி. மாறாக, எடை தொடர்ந்து இறங்கி 828 கிராமைத் தொட்டிருந்தால், அது 10 விழுக்காடு இழப்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சில நாட்களில் 6 கிலோ இழப்பதற்குச் சமம். அந்த நிலைவரை காத்திருக்கக் கூடாது. இரண்டாம் நாளும் சரிவு நிற்கவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள்.

அடுத்து, தலைப்பில் சொன்ன புழுக்கை. குடலின் அசைவை எந்தக் கருவியும் இல்லாமல் காட்டும் சான்று அது. காலையும் மாலையும் துண்டில் கிடப்பதை எண்ணி எறியுங்கள். முதல் நாள் எண்ணிக்கை குறைவாக, சிறியதாக, உலர்ந்து இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் எண்ணிக்கையும் அளவும் கூட வேண்டும். இரண்டு கினிப்பன்றிகள் ஒரே கூண்டில் இருந்தால் யாருடைய புழுக்கை என்று தெரியாது. அதனால்தான் முதல் சில நாட்களுக்கு நடுவில் கம்பித்தடுப்பு வைப்பார்கள். முற்றிலும் பிரித்து வேறு அறையில் வைக்காதீர்கள். இது கூட்டமாக வாழும் விலங்கு. துணையின் குரலும் மணமும் அருகில் இருந்தால் அமைதியாக இருக்கும்; துணை மெல்லும் சத்தம் கேட்டுத் தானும் உண்ணத் தொடங்கும்.

நமக்கும் அதற்கும் ஒரே குறை

பெரும்பாலான பாலூட்டிகள் குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி-யைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கின்றன. நாயும் பூனையும் ஆடும் அப்படித்தான். அந்த வேலையின் கடைசிப் படிக்குத் தேவையான நொதி மனிதருக்கு இல்லை. கினிப்பன்றிக்கும் இல்லை. இருவருக்கும் அந்த மரபணு பழுதாகிவிட்டது.

இந்த ஒற்றுமை அறிவியல் வரலாற்றில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியது. 1907இல் நார்வேயின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கப்பல் ஊழியர்களைத் தாக்கிய பெரிபெரி நோயை ஆராய்ந்தார்கள். கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்தார்கள். பெரிபெரிக்குப் பதிலாக ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு வீங்கி இரத்தம் கசிந்து, பழைய காயங்களும் திறந்துகொள்ளும் நோய் அது. ஸ்கர்வியை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்க முடிந்ததால், அதைத் தடுக்கும் பொருளைத் தேடும் வழி திறந்தது. 1930களில் அந்தப் பொருள் வைட்டமின் சி என்று உறுதியானது. அதைப் பெருமளவில் பிரித்தெடுக்க ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜிக்குக் கைகொடுத்தது அவர் நாட்டுச் சிவப்பு மிளகாய். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொட்டுவின் தையலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? காயத்தின் இரு விளிம்புகளையும் இணைப்பது கொலாஜன் என்ற புரத இழை. அந்த இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் தைத்த நூல் இருக்கும், தசை ஒட்டாது.

நலமாக உள்ள கினிப்பன்றிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் போதும். உடல் தேறும் காலத்தில் 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படலாம். 920 கிராம் பொட்டுவுக்கு 0.92 × 30, ஏறக்குறைய 28 மில்லிகிராம். சிவப்புக் குடைமிளகாயில் 100 கிராமுக்குச் சுமார் 128 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. ஆகவே 22 கிராம் துண்டு ஒன்றே ஒரு நாள் தேவையைத் தீர்த்துவிடும். கொய்யாவில் இன்னும் அதிகம் உண்டு. ஆனால் சர்க்கரையும் இருப்பதால் விரல்நுனி அளவு போதும். வைட்டமின் சொட்டுமருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் கலக்காதீர்கள். தண்ணீரில் வைட்டமின் சி விரைவில் சிதைந்துவிடும். சுவை மாறினால் பொட்டு தண்ணீரையே குடிக்காமல் விட்டுவிடலாம்.

கல்லுக்காக அறுவை நடந்திருப்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. கினிப்பன்றியின் சிறுநீர்ப்பைக் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. உணவில் மிகும் கால்சியத்தை அதன் உடல் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறது. எனவே கால்சியம் மிகுந்த அல்ஃபால்ஃபா புல்லைத் தவிர்த்து, திமோத்தி போன்ற புல்லைக் கொடுங்கள். தண்ணீரும் ஈரமான இலைகளும் தாராளமாகக் கிடைக்கட்டும். சிறுநீர் நீர்த்திருந்தால் கால்சியம் படிவது குறையும்.

வலியைக் காட்டாத விலங்கு

கழுகுக்கும் நரிக்கும் இரையாகும் விலங்கு, தான் நோயுற்றிருப்பதை வெளியே காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் கினிப்பன்றி வலியை மறைக்கும். அது கத்தவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். முதுகைக் கூன்போட்டு உட்கார்ந்திருப்பது, ரோமம் சிலிர்த்து நிற்பது, கண்ணைப் பாதி மூடியிருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, குளிர்பெட்டியைத் திறக்கும் ஓசைக்கு வழக்கம்போல் 'வீக், வீக்' என்று குரல் கொடுக்காதது. இவையெல்லாம் வலியின் மொழி.

மருத்துவர் தந்த வலிமருந்தைச் சொன்ன நாள்வரை, சொன்ன அளவில் கொடுங்கள். 'சுறுசுறுப்பாத்தானே இருக்கு' என்று இடையில் நிறுத்த வேண்டாம். வலி அடங்கினால் பசி வரும். பசி வந்தால் குடல் ஓடும். வலிமருந்து குடலுக்கும் மருந்துதான்.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதை மட்டும் தொடாதீர்கள். குறிப்பாக, மனிதருக்குக் கொடுத்து மீந்துபோன அமோக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள். இவை குருட்டுக்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, சில நாட்களில் கினிப்பன்றி இறந்துவிடும். 1940 மே 25ஆம் நாள் ஆக்ஸ்ஃபர்டில் ஹோவர்ட் ஃபுளோரி குழுவினர் பென்சிலினை முதன்முதலில் சோதித்தது 8 சுண்டெலிகளில். மருந்து பெற்ற எலிகள் பிழைத்தன. அன்று கினிப்பன்றிகளைத் தேர்ந்தெடுத்திருந்தால், பென்சிலின் நஞ்சு என்று ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும்.

இப்போது தையலைப் பார்க்கலாம்

நாளுக்கு இரண்டு தடவை பாருங்கள், போதும். முதல் இரண்டு நாள் இலேசான சிவப்பும் வீக்கமும் இருக்கும். காயம் ஆறுவதின் முதல் கட்டம் அழற்சி. வெள்ளை அணுக்கள் வந்து சுத்தம் செய்யும் வேலை அது. அடுத்த கட்டத்தில் கொலாஜன் இழைகள் பின்னப்படும். அதன்பின் வாரக்கணக்கில் அவை வலுப்பெறும். சிவப்பும் வீக்கமும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, சீழோ நாற்றமோ இருந்தாலோ, விளிம்புகள் பிரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மஞ்சள் பூச வேண்டாம், தைலம் தடவ வேண்டாம், எண்ணெய் வைக்க வேண்டாம். பூசியதை அது நக்கி விழுங்கும்; நக்கும்போது தையலும் இழுபடும். மருத்துவர் அனுமதிக்கும்வரை குளிப்பாட்டவும் கூடாது. நாய்க்கு மாட்டுவதுபோல் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூம்பு இருந்தால் அந்த மென்புழுக்கையை அது குனிந்து எடுக்க முடியாது, உணவும் குறையும். எனவே மருத்துவர் சொன்னாலன்றி மாட்ட வேண்டாம்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

12 மணி நேரமாக எதுவும் உண்ணவில்லை, அல்லது புழுக்கை ஒன்றுகூட இல்லை.
சிறுநீர் கழிக்க முக்குகிறது, ஆனால் வரவில்லை.
வயிறு உப்பி, தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கிறது.
வாயைத் திறந்து மூச்சு விடுகிறது.
நீர்போல வயிற்றுப்போக்கு.
தையலிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிகிறது.
உடல் சில்லிட்டுத் துவண்டு கிடக்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அழையுங்கள். எல்லா விலங்கு மருத்துவரும் கினிப்பன்றியைப் பார்ப்பதில்லை. இரவில் பார்ப்பவர் அதைவிடக் குறைவு. எனவே அறுவைக்கு முன்பே, 'இரவில் ஏதாவது நடந்தால் யாரை அழைப்பது?' என்று கேட்டு, அந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் நான்காம், ஐந்தாம் நாளில் ஒரு மாற்றம் தெரியும். நீங்கள் சிரிஞ்சோடு வருவீர்கள். பொட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உலர்புல்லை நோக்கி நடக்கும். ஊட்டுவதை எப்போது நிறுத்தலாம் என்பதை உங்கள் எடைப் பதிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அந்தத் தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நோயாளி பேசாது, அதன் சார்பில் பேசுவது அந்த எண்கள்தான்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மேலே உள்ள எடைப் பதிவை வரைபடமாக வரையுங்கள். எந்த நாளில் நீங்கள் மிகவும் கவலைப்பட்டிருப்பீர்கள்? ஏன்?

2. 750 கிராம் எடையுள்ள கினிப்பன்றிக்கு, கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் வைட்டமின் சி தேவை. சிவப்புக் குடைமிளகாய் எத்தனை கிராம் கொடுக்க வேண்டும்?

3. மாட்டுக்கு நுண்ணுயிர்கள் வாழும் பை சிறுகுடலுக்கு முன்னால் இருக்கிறது; கினிப்பன்றிக்குச் சிறுகுடலுக்குப் பின்னால் இருக்கிறது. மாடு செய்யாத ஒன்றைக் கினிப்பன்றி செய்வதற்கு இதுவே காரணம். அது எது என்று விளக்குங்கள்.

4. 'தூங்கட்டும் விடு' என்று சொன்ன அம்மாவுக்கு, நேர்ப் பின்னூட்டம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், மூன்றே வாக்கியங்களில் எப்படிப் புரியவைப்பீர்கள்?